பாடத்தில் வந்தவள்

மாசிங் ஒரு கல்லுளிமங்கன். முப்பத்தோரு வருஷம் கூடக் குடித்தனம் செய்த லெய்னாசேயிடம்கூட அந்த ஒரு பெயரைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டான்.

எங்கள் தீவில் பிள்ளைக்குப் பெயர் வைப்பவன் தகப்பன். பத்தாம் நாள் பிள்ளையைப் பாயில் கிடத்தி அவன் உரக்கச் சொல்லும்வரை பெற்றவளுக்கே தெரியாது. அதற்குள் பிள்ளை போய்விட்டால் பெயரும் அதோடு போய்விட வேண்டும். அப்புறம் யாரும் அதைச் சொல்லக் கூடாது. லெய்னாசேயின் ஒரே மகள் எட்டு நாள்தான் இருந்தாள். பிறகு வேறு பிள்ளை தங்கவில்லை.

கெஞ்சினாள், திட்டினாள், கிழங்கு சுடாமல் புருஷனைப் பட்டினி போட்டாள். "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்பாள். அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவான். ஊர்ப் பெண்களைக் கூப்பிடும் பெயர்களையெல்லாம் மனசுக்குள் மகளுக்குப் பொருத்திப் பார்ப்பாள், ஒன்றும் ஒட்டாது. என்ன சொல்லி அழுவதென்றே தெரியாமல் அழுத தாய் அவள். அவன் சாகிற அன்றுகூட அவன் வாயருகே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறு வருஷம் கப்பலில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புத்தகக் கட்டு வந்து இறங்கியது. எங்கள் பேச்சைப் பேசுகிறவர்கள் முந்நூறு பேர் தேறினால் அதிகம். அதற்கு இலக்கணம் எழுதுகிறேன் என்று வந்த வெளிநாட்டுக்காரி ஒருத்தி, மாசிங்கைப் பிடித்து உட்காரவைத்து, இரண்டு மாதம் அவன் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தாள்; அதுதான் இப்போது புத்தகமாய் வந்திருந்தது. மாசிங்கின் தம்பி ஓபெத்தான் பள்ளிக்கூட வாத்தியார். படிக்கத் தெரியாத அண்ணிக்கு அவனே வாசித்துக் காட்டினான். நான், நீ, நாம் இருவர், நாங்கள் மூவர் என்று தொடங்கி, நடந்தது, நடப்பது, நடக்கப்போவது என்று போனது. வாக்கியத்துக்கு வாக்கியம் லெய்மாரா என்று ஒருத்தி வந்தாள். லெய்மாரா கிழங்கு தின்கிறாள். லெய்மாராவின் பல் விழுந்தது.

"இந்தப் பேர்ல நம்ம தீவுல யாருமே இல்லையே அண்ணி," என்று ஓபெத் சிரித்தான். "அண்ணன் நமக்குத் தெரியாம யாரையோ வெச்சிருந்திருக்காரு."

லெய்னாசேக்குச் சுருக்கென்றது. எனக்கு ஒரு பெயரைச் சொல்ல வாய் வராதவன், எவளையோ புத்தகத்தில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறானே என்று வயிறு எரிந்தது. மேலே படி என்றாள்.

ஓபெத் படித்தான். லெய்மாரா மழையில் பிறந்தாள். லெய்மாரா எட்டு நாள் இருந்தாள். படிப்பதை நிறுத்திவிட்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தான்.

ஊர்ப் பேச்சில் சொல்லக் கூடாததை, யாரைப் பற்றியும் இல்லாத பாடத்தில் அந்த மனுஷன் வாய் வலிக்கச் சொல்லி வைத்திருக்கிறான். யாரோ ஒருத்தியிடம் சொன்னானே, என்னிடம் சொல்லவில்லையே என்று லெய்னாசே தலையில் அடித்துக்கொண்டாள். கூப்பிட்டு அழ இப்போது ஒரு பெயர் இருந்தது. கூப்பிடத்தான் கூடாது.

"பெரியவங்களுக்குத் தெரிஞ்சா விட மாட்டாங்க," என்றான் ஓபெத். "இதை அடிச்சிட்டு வேற பேர் போட்டுடட்டுமா அண்ணி?"

"தொடாதே," என்றாள். "பாடத்துல வர்றவ யாரோ ஒருத்தி. நமக்கென்ன."

திங்கட்கிழமை காலை அவள் தோட்டத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடச் சன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். ஓபெத் சொல்லச் சொல்ல நாற்பது பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். லெய்மாரா ஓடுகிறாள். லெய்மாரா அம்மாவின் தோள் உயரம் வளர்ந்துவிட்டாள். லெய்மாரா நாளைக்கு வருவாள். பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் பாடம் சொன்னாள்.