வலப்பக்கத்து நாற்காலி

என் கணவர் எழுதிய முதல் கதையின் மூன்றாவது பக்கத்தில் என் அம்மா இறந்துபோனாள். எங்கள் எழுத்தாளர் கூட்டத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மடியிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன். பைக்குள் அதே அம்மாவின் சாவு, பதினான்கு பக்கங்களில், நான் எழுதியது, யாருக்கும் காட்டாமல் கிடந்தது. அவருக்கு அதை எழுத இரண்டு சாயங்காலம் பிடித்திருக்கிறது. எனக்கு இரண்டு வருஷம்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடி வகுப்பறையில் நடக்கும். பள்ளியின் சொந்தக்காரர் எங்களில் ஒருவர். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். மழையைப் பற்றி மட்டும் கவிதை எழுதுவார். சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டு அட்டைகள். நடுவில் பாதியாக அறுத்து வைத்த இன்ஜின் ஒன்று, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதை ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் நாற்காலிகளை வட்டமாகப் போட முடியும். வாராவாரம் யாராவது ஒருவர் கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு இலக்கியம் பேச உட்காருவார்.

கூட்டத்தை நடத்துகிறவர் அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்திய பெரியவர். புரூப்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் போட்ட விதிகள் இரண்டு. எழுதியவர் தன்னுடையதைத் தானே வாசிக்கக் கூடாது, அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் வாசிக்க வேண்டும். "எழுதுனவன் வாயில எல்லாக் கதையும் நல்லாத்தான் இருக்கும். அடுத்தவன் வாய்க்குப் போனாதான் எங்க இடிக்குதுன்னு தெரியும்" என்பார். இரண்டாவது விதி, எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்த பிறகும் 'இது நிஜமாவே நடந்தது' என்று மட்டும் சொல்லவே கூடாது.

மூன்று வருஷமாக எனக்கு வலப்பக்கம் நர்ஸம்மாதான். இருபத்திரண்டு வருஷம் வார்டில் வேலை பார்த்தவர், அளந்துதான் பேசுவார். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த அறை வேண்டியிருந்தது. அந்தப் பதினான்கு பக்கத்தை நர்ஸம்மாவின் குரலில்தான் கேட்க வேண்டும் என்று முதல் வரி எழுதும்போதே முடிவு செய்திருந்தேன். அவருக்கு அதிர்ச்சி ஆகாது, 'அடப்பாவி' என்ற பார்வை வராது.

எழுதி முடித்த வாரம் பார்த்து என் கணவருக்குப் பணி ஓய்வு வந்தது. மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்குப் பிரிவில் இருந்தவர். முதல் பத்து நாளில் வீட்டிலுள்ள எல்லா டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டினார். பதினோராம் நாள், "ஞாயித்துக்கெழம நானும் வரேனே, சும்மா உக்காந்து கேக்கறேன்" என்றார். என்ன சொல்லித் தடுப்பது? வந்தார். கல்யாண வீட்டில் உட்காருவதுபோல நேராக எனக்கு வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸம்மா மரியாதைக்கு ஒரு இடம் தள்ளிக்கொண்டார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். மூன்று வருஷமாகக் 'கண்ணாடிக்காரம்மா'வாக இருந்தவள் நாலே வாரத்தில் புரூப்காரரைத் தவிர மற்ற எல்லோருக்கும் 'சாரோட வீட்டம்மா' ஆகிவிட்டேன். அந்த நாலு வாரமும் பதினான்கு பக்கத்தைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். அதற்குப் பதிலாகக் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களைப் பற்றி இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று எதையாவது கிறுக்கிக் கொடுத்தேன். அவரும் அவற்றை நன்றாகவே வாசித்தார்.

அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. போன வாரம் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, "அத்தைக்கு எந்தக் கையில ஊசி ஏத்தியிருந்தாங்க?" என்று கேட்டார். "இடது கையில. ஏன்?" என்றேன். "சும்மாதான்" என்றார். மனிதர் மாமியாரை நினைத்துக்கொள்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் இளகிக்கூடப் போனது. இப்போது நர்ஸம்மா வாசிக்கிறார்: அவளுடைய இடது கையில் ஊசி இருந்ததால் மகள் வலது கையைப் பிடித்திருந்தாள். கடைசி மூச்சுவரை அந்தப் பிடி தளரவில்லை.

நர்ஸம்மா வாசித்து முடித்துத் தாள்களை அடுக்கினார். மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். "அந்தக் கையைப் பிடிக்கற இடம் இருக்கே, சார், அதுக்கு மேல எழுத முடியாது" என்றார். மழை ஒன்று பெய்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். என் கணவர் விதிப்படி வாயை இறுக்கி மூடிக்கொண்டு, புதிதாக வாங்கிய நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மழை என்று எழுதி அடிக்கோடு போட்டார். எனக்கு நோட்டைப் பிடுங்கி இன்ஜினுக்குள் திணிக்க வேண்டும்போல இருந்தது.

புரூப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா நல்லா வந்திருக்காங்க. மருமகன் பாத்திரமும் பரவாயில்ல. மகள்தான் உயிரோட இல்ல" என்றார். "பத்தொம்பது நாள் ஆஸ்பத்திரியில இருக்கா. ஒரு தடவகூடச் சலிச்சுக்கல, யார் மேலயும் எரிஞ்சு விழல. இப்படி ஒரு பொண்ணை நான் பாத்ததில்ல. ஒரு தப்பாவது செய்ய விடுங்க அவளை."

என் கணவர் அதையும் எழுதிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "உன்னை உயிரோட இல்லன்னுட்டாரு" என்று காதில் சொல்லிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒருவன் திருடினால் திருடன் என்று கத்தலாம். இவர் எடுத்ததைத் துடைத்து, மெருகேற்றி, பரிசாக என் கையிலேயே கொடுக்கிறார். என்னைத் தெய்வமாக எழுதிவைத்திருக்கிறார். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாவிட்டால் நான்தான் கெட்டவள்.

அப்போது நர்ஸம்மா தொண்டையைச் செருமினார். "ஒரு சின்ன விஷயம். மூச்சு அந்த மாதிரி ஆச்சுன்னா நாங்க திரையைப் போட்டுருவோம். டாக்டர், ரெண்டு சிஸ்டர், மெஷின் எல்லாம் சுத்தி நிக்கும். சொந்தக்காரங்களை வெளியதான் நிக்கச் சொல்லுவோம். கையைப் பிடிச்சுக்கிட்டு உக்கார அங்க எடம் இருக்காது."

இவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "இல்லங்க சிஸ்டர், இது நடந்தது. பக்கத்துல இருந்தவங்க வாயாலயே கேட்டது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சார், அந்த வார்த்தை இங்க கிடையாதுன்னு சொல்லியிருக்கேன்ல" என்று புரூப்காரர் மேசையைத் தட்டினார். நர்ஸம்மா மட்டும் என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "கதைதானே, இருக்கட்டும்" என்றார்.

நான் பக்கத்தில் இல்லை. அம்மாவுக்கு மூச்சு திணறியபோது நான் கீழே கேன்டீனில் இருந்தேன். பத்தொன்பது நாளில் ஒரு டீயைக்கூடச் சூடாகக் குடித்ததில்லை, அன்று குடித்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. வார்டிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. நாலு நிமிடம் கழித்து மறுபடி வந்தது. எதற்காக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னொரு டீ வாங்கினேன். பயம் என்று சொன்னால் பாதி உண்மைதான். எனக்குச் சலித்துப்போயிருந்தது. முதல் போன் வந்ததற்கும் நான் மாடிக்குப் போனதற்கும் நடுவில் பதினொரு நிமிடம். போனபோது திரையை விலக்கி, கட்டில் விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அண்ணன் போனில் அழுதுகொண்டே, "பக்கத்துல இருந்தியா?" என்று கேட்டான். "இருந்தேன்" என்றேன். "கையைப் பிடிச்சிருந்தியா?" என்றான். அதற்கும் ஆமாம் என்றேன். ஒன்றுக்கு ஆமாம் சொன்ன பிறகு அடுத்ததற்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? அலுவலகத்திலிருந்து சாயங்காலம் ஓடிவந்த கணவரிடமும் அதையேதான் சொன்னேன். அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னான். இரண்டு வருஷமாக யார் வந்தாலும், அம்மா கொடுத்துவைத்தவள், மகள் கையைப் பிடித்தபடியே போனாள் என்கிறார்கள். இப்போது அது கதையாகவும் ஆகிவிட்டது. மழையையும் சேர்த்துவிட்டால் இனி அதை யாராலும் அசைக்க முடியாது.

"அடுத்து கண்ணாடிக்காரம்மா" என்றார் புரூப்காரர். "என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

பையில் இரண்டு இருந்தன. முன்னால், மூன்று பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர்: நாற்பது பிரேம் போட்டுப் பார்த்துவிட்டுப் பழையதையே துடைத்துத் தரச் சொல்லிவிட்டுப் போகிறவர். எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவர் அழகாக வாசிப்பார். பிறகு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, அவர் என்னைப் பற்றி இன்னொரு கதை எழுதுவார். ஆயுசு முழுக்க இதே நாற்காலியில் இவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, நான் செய்யாததற்கெல்லாம் பாராட்டு வாங்கிக்கொண்டிருப்பேன். என் கை பையின் பின்பக்கம் போனது.

"சிஸ்டர் படிக்கட்டுமே" என்றேன். "எழுத்து பொடிசா இருக்கு. இவருக்குக் கஷ்டம்."

"நீதானே கண்ணாடி போட்டுக் குடுத்த, நல்லாத் தெரியுது" என்றார் அவர்.

"வலப்பக்கம் யாரோ அவங்கதான்" என்றார் புரூப்காரர். "விதின்னா எல்லாருக்கும்தான்."

என் கணவர் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தார். கொடுத்தேன். கட்டின் கனத்தைப் பார்த்து, "இத்தனை பக்கமா, சொல்லவே இல்லையே" என்றார். அவர் முகத்தில் பெருமை இருந்தது. அதைப் பார்த்தபோது பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

அவர் வாசிப்பது மீட்டர் கணக்குச் சொல்வதுபோலத்தான் இருக்கும். ஒரு எண்ணும் விட்டுப்போகாது, ஏற்ற இறக்கமும் கிடையாது. முதல் பக்கத்திலேயே யாரைப் பற்றியது என்று புரிந்துகொண்டார். "அட, நம்ம அத்தை" என்று மெல்லச் சொல்லி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சொல்லிவைக்காமல் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறோம் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆஸ்பத்திரித் தலையணையில் அடுத்தவர் தலை நாற்றம் அடிக்கிறது என்று அம்மா சண்டை போட்ட இடத்தில் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரியோடு அம்மா டிவி சத்தத்துக்காகப் பேச்சை நிறுத்திய இடத்தில், "ஆமா, ஆமா" என்றார். வாசிப்பவர் குறுக்கே பேசக் கூடாது என்று புரூப்காரர் விரலைக் காட்டினார்.

ஒன்பதாவது பக்கத்தில், 'நான்' என்று கதை சொல்லிவந்த மகள் படியிறங்கிக் கேன்டீனுக்குப் போனாள். என் கணவரின் குரல் கொஞ்சம் மெதுவானது. இந்த இடம் அவருக்குத் தெரியாதது. அவருக்குத் தெரிந்த அன்றைய மதியத்தில் கேன்டீனே கிடையாது. போன் மணி அடித்தது. மகள் போனின் திரையைப் பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள். அவர் வாசித்தார். நிமிரவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு அவருடைய மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"வார்டின் எண் இரண்டாவது முறையாக வந்தது" என்று வாசித்தார். அடுத்த வரிக்கு அவருடைய கண் முன்னமே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் வாய் போகவில்லை. கட்டைவிரல் தாளின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தது. பிறகு உதட்டளவில் ஏதோ சொன்னார். எனக்கே கேட்கவில்லை.

"சார், கடைசி வரி இந்தப் பக்கம் கேக்கல" என்றார் மாஸ்டர். "கொஞ்சம் சத்தமா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"நான் எடுக்கவில்லை" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

விரலை நாக்கில் தொட்டுத் தாளின் ஓரத்தில் வைத்தார். திருப்பவில்லை. இன்னும் ஐந்து பக்கம் இருந்தது.