எட்டாவது திருகாணி

“ஏழுதான் இருக்கு” என்று முணுமுணுத்தபடி தம்பி தரையில் உள்ளங்கையை வைத்துத் துழாவினான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினான். கொஞ்சம் வெள்ளைத் தூளும் ஒரு காலி உறையும் விழுந்தன. திருகாணி விழவில்லை.

படுக்கைக்குக் குறுக்கே தள்ளி நிறுத்திக்கொள்கிற மேசை அது. ஒரு பக்கம் மட்டும் கால், அடியில் நான்கு சக்கரங்கள், மேலே வழவழவென்று ஒரு பலகை. படுத்தவர் எழுந்திருக்காமலே சாப்பிடலாம். பெட்டியின் மேலிருந்த படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு பெண்மணி அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா சாப்பிட்டு மூன்று நாளாகிவிட்டது. அத்தான் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றுவதோடு சரி. தம்பிக்கும் அது தெரியும். தெரிந்தேதான் நேற்று மாலை கடையிலிருந்து அந்தப் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தான்.

ஒரு சக்கரத்துக்கு இரண்டு, ஆக எட்டுத் திருகாணிகள். உறையைக் கட்டில் ஓரத்தில், அக்காவின் கைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பிரித்தான். அந்த நினைவு வந்து, எழுந்து படுக்கையில் தேடினான். அக்காவின் கையை இலேசாக ஒதுக்கிவிட்டுப் போர்வை மடிப்பை நீவிப் பார்த்தான். அங்கும் இல்லை.

“டேய்.”

குரல் இருமலுக்கும் மூச்சுக்கும் நடுவில் எங்கிருந்தோ வந்தது.

“என்னக்கா? தண்ணி வேணுமா? அத்தான் சுட வெச்சுக்கிட்டு இருக்காரு.”

“முடிஞ்சுதா?”

“ஒரு நிமிஷம்க்கா. இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூதான்.”

“ம்” என்றாள் அக்கா.

அவன் மறுபடி தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் நீலச் சாயம் பூசிய ஒரு முக்காலி கிடந்தது. அதன்மேல் பெட்டியோடு வந்த விளக்கத் தாளை விரித்து வைத்திருந்தான்.

அவன் வேலையைச் சொன்னால்தான் இந்த மனிதனை உங்களுக்குப் புரியும். பெரிய கடை ஒன்றில், வாசலுக்கு நேரே நின்று, சாமான்களை ஓட்டிக் காட்டுகிற வேலை. பழம் பிழிகிற இயந்திரம், காலைப் பிடித்துவிடுகிற இயந்திரம், காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரம். வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தவர்களை வாங்கிப் போக வைப்பதில் கெட்டிக்காரன். இருபத்தாறு வருடமாக அதுதான் பிழைப்பு. நல்லவன். பொய் சொல்ல மாட்டான். என்ன, தான் சொல்வதைத் தானே முழுசாக நம்பிவிடுவான், அதுதான் வினை.

அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா ஒரு நாள் கடைக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். தம்பி அரைமணி நேரம் பழம் பிழிந்து காட்டினான். அக்கா கண் இமைக்காமல் பார்த்தாள். அவன் நீட்டிய டம்ளரை வாங்கிக் குடித்தாள். கடைசியில் கைகூடத் தட்டினாள்.

“நல்லா பேசறடா. எனக்கே வாங்கணும்னு ஆயிடுச்சு.”

“அப்போ ஒண்ணு எடுக்கட்டுமாக்கா?”

“எதுக்கு? பழத்தைக் கடிச்சுத் திங்கப் பல்லு இருக்குல்ல. வா, ரெண்டு பேரும் எங்கயாவது உக்காந்து டீ குடிக்கலாம்.”

அன்றைக்கு மேலாளர் முறைத்ததால் டீ குடிக்கப் போகவில்லை.

அதற்கப்புறம் அவன் வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தான். அவர்களைப் பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவனைவிட ஒன்பது வயது மூத்த இந்த அக்காதான். பதிலுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று அவனுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வரும்போதெல்லாம் கையில் ஒரு பெட்டி. வந்ததும் பிரிப்பான், மாட்டுவான், ஓட்டிக் காட்டுவான். முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு, “சரிக்கா, வேன் ரோட்டுல நிக்குது” என்று கிளம்பிவிடுவான். அவன் போனதும் அக்கா எல்லாவற்றையும் கழற்றி, துணி மடிப்பதுபோலப் பதவிசாகப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்து, உள் அறையில் அடுக்கிவிடுவாள்.

“ஏன்க்கா உபயோகிக்க மாட்டேங்கற?”

“உபயோகிக்காம என்ன. இத்தனை பெட்டி இருக்கே, நான் போற அன்னைக்கு வர்றவங்க உக்காந்துக்கலாம்.”

“வாயக் கழுவு.”

“நீ அந்த முக்காலில செத்த நேரம் உக்காரேன். வந்ததுலேருந்து தரையிலயே கெடக்கற.”

“உக்காந்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“எனக்கு உன் முதுகுதாண்டா தெரியுது.”

இதெல்லாம் அவள் நோயில் படுப்பதற்கு முந்தைய கதை. படுத்த பிறகு பெட்டிகள் இன்னும் வேகமாக வந்தன. புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வந்தது. கூப்பிட மணி வந்தது. பொத்தானை அமுக்கினால் சமையலறையில் ஒரு குருவி கத்தும். அக்கா அதை ஒரே ஒரு தரம் அமுக்கினாள். அத்தான் பதறி ஓடி வர, “சும்மாத்தான், குருவி எப்படிக் கத்துதுன்னு பாத்தேன்” என்றாள்.

ஏழு திருகாணிகளோடே முடித்துவிடலாம் என்று தம்பி தீர்மானித்தான். ஒரு சக்கரம் கொஞ்சம் ஆடும். ஆடினால் ஆடட்டும், நாளைக்குக் கடையிலிருந்து ஒன்று கொண்டுவந்து போட்டால் போயிற்று. வளைந்த சாவியால் கடைசித் திருகை இறுக்கினான். மேசையை நிமிர்த்தினான். பலகையைச் சட்டை நுனியால் துடைத்தான். ஒரு விரலால் தள்ளினான். சத்தமே இல்லாமல் அது உருண்டு போய்க் கட்டிலுக்குக் குறுக்கே, அக்காவின் மார்புக்கு நேரே, அளந்து வைத்ததுபோல நின்றது.

“அக்கா, இங்க பாரேன்.”

அவள் அவன் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முதுகு இருந்த இடத்தை.

“அக்கா.”

மேசையைத் தள்ளிவிட்டு அவள் தோளைத் தொட்டான். பிறகு கன்னத்தை. பிறகு “அத்தான்” என்று கூப்பிட்டான். உரக்கக்கூட இல்லை.

அத்தான் ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் பஞ்சுமாக வந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். எதற்கும் அவசரப்பட மாட்டார். வாசற்படியிலேயே நின்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“சூடு ஜாஸ்தியாயிடுச்சு” என்றார். “ஆறட்டும்னு அங்கயே நின்னேன்.”

கிண்ணத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்தப் புது மேசைமேல் வைத்தார். அந்த மேசைக்குக் கிடைத்த முதல் வேலை அது.

நர்ஸம்மா பக்கத்துத் தெருதான். தகவல் சொன்னதும் வந்துவிட்டாள். வாரத்துக்கு மூன்று நாள் வந்து அக்காவைத் துடைத்துவிட்டு, உடை மாற்றிவிட்டுப் போகிறவள். நாடியைப் பார்த்தாள், அக்காவின் கண்களை மூடிவிட்டாள். “டாக்டர் வந்து எழுதித் தரணும், சொல்லியாச்சு. நீங்க ரெண்டு பேரும் வெளில இருங்க. நான் முகம் கழுவி, நல்லதா ஒண்ணு போட்டு விடறேன்” என்றாள்.

முன் அறையில் வந்து நின்றதும் தம்பியின் கை தானாகவே போனை எடுத்தது. யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற யோசனை அவனுக்கு இன்னும் வரவில்லை. திரையை மேலும் கீழும் தள்ளினான்.

“அத்தான், வர்றவங்க உக்கார சேர் இல்ல.”

அத்தான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மடக்கற சேர் எங்க கடைலயே இருக்கு. பத்து எடுத்துக்கிட்டு வந்துடறேன். அப்படியே ஒரு பெரிய ஃபேனு. இந்த ரூம்ல காத்தே இல்ல. டீ ஊத்தி வைக்க ஒரு ஃபிளாஸ்க், பெருசா. அக்கா போட்டோ ஒண்ணு பெருசு பண்ணி நல்ல ஃபிரேமா...”

சொல்லச் சொல்ல அவனுக்கு மூச்சு சீரானது. ஒவ்வொரு சாமானாகக் கண் முன்னே வந்து நின்றது. எந்த வரிசையில், எந்த அலமாரியில் என்பதுகூடத் தெரிந்தது. வேன் சாவி எப்போது கைக்கு வந்தது என்று அவனுக்குத் தெரியாது.

அத்தான் பெட்டிகள் அடுக்கியிருந்த உள் அறைக்குப் போனார். தரையில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. முதுகைக் காட்டி வளைந்தபடி ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து சுவரோரம் போட்டார். திரும்பிப் போய் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

“இதுல உக்காந்துக்கலாம்னு அவ சொல்லியிருக்கா” என்றார்.

காலை பத்து மணிக்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எதிர்வீட்டு வாத்தியார் காற்றுச் சுத்திகரிப்பான் பெட்டிமேல் உட்கார்ந்தார். சலவைக்கூடத்தில் அக்காவோடு வேலை பார்த்த மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்களில் பருமனானவள், எல்லோரும் “பெரிசு” என்று கூப்பிடுகிறவள், கால் பிடிக்கும் இயந்திரத்தின் பெட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

“தம்பி, என்னைத் தாங்குமா? உள்ள என்ன இருக்கோ.”

“தாராளமா உக்காருங்க. உள்ள நாலு பக்கமும் தெர்மாகோல் குடுத்திருப்பாங்க. நூத்தம்பது கிலோ வரைக்கும்...” என்று வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டுத் தம்பி சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

பெரிசு உட்கார்ந்தாள். பெட்டி முனகியதே தவிர உடையவில்லை. “உங்கக்கா சொல்வா” என்று மூக்கை உறிஞ்சினாள். “பிரிச்சு மறுபடி உள்ள வைக்கறது அவளுக்குப் பெரிய வேலை இல்லையாம். நாள் முழுக்க போர்வை மடிச்ச கை. ‘என் தம்பி ஏதாவது தூக்கிட்டு வந்தாத்தான் ஒரு மணி நேரமாவது வீட்ல இருப்பான். அதனால வேணாம்னு சொல்றதில்ல’ம்பா.”

சொன்னவளுக்கு அது சாதாரணப் பேச்சு. மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் வேறெதையோ கேட்கத் தொடங்கிவிட்டாள்.

தம்பி வாசல் பக்கம் நகர்ந்தான்.

“எங்க?” என்றார் அத்தான்.

“டம்ளர் பத்தாது அத்தான். எல்லாருக்கும் டீ குடுக்கணும். பேப்பர் கப்பாவது வாங்கிட்டு...”

“கழுவிக் கழுவிக் குடுத்துக்கலாம்.”

“பத்தே நிமிஷம். இதோ போயிட்டு இதோ வந்துடறேன்.”

அத்தான் தடுக்கவில்லை. அவனையே பார்த்தார். பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஏறுவதா வேண்டாமா என்று நிற்கிற ஆளுக்காகக் காத்திருக்கிறவரைப்போலப் பார்த்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து நர்ஸம்மா கூப்பிட்டாள். “தம்பி, இங்க கொஞ்சம் வாங்க.”

அக்காவுக்குத் தலை வாரிவிட்டிருந்தாள். கஞ்சி போட்ட பழைய பருத்திப் புடவை. அவளே மடித்து வைத்ததாக இருக்க வேண்டும், மடிப்புக் கோடுகள் நூல் பிடித்ததுபோல இருந்தன. இடது கை விரிந்து கிடந்தது. வலது கையை நர்ஸம்மா தன் கைக்குள் வைத்திருந்தாள்.

“இந்தக் கை மட்டும் இறுக்கி மூடியே இருந்துச்சு. வலியில புடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். மெதுவா ஒவ்வொரு விரலா எடுத்து விட்டேன். உள்ள இது இருந்துச்சு. உங்களுதான்னு பாருங்க.”

அவன் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

சுண்டுவிரல் நகத்தளவு திருகாணி. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நர்ஸம்மாவின் கைச் சூடாகவும் இருக்கலாம்.

“ஏதாவது சாமானோடதா?”

அவன் தலையசைத்தான். நர்ஸம்மா பழைய துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

எடுத்துக் கொடுக்கத்தான் பிடித்து வைத்திருந்தாளா? “டேய்” என்று கூப்பிட்டது அதற்கா? கொடுப்பதாக இருந்தால் அவன் போர்வையை நீவியபோது விரலைத் திறந்திருக்கலாமே. அந்தக் கையைத்தானே ஒதுக்கிவிட்டுத் தேடினான். “முடிஞ்சுதா” என்று அவள் கேட்டதை நினைத்துப் பார்த்தான். அதற்கப்புறம் அவள் சொன்ன “ம்”மை நினைத்துப் பார்த்தான். சின்ன வயதில் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க ஒற்றைச் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, “தேடினியா” என்று அவள் கேட்கும்போது அவனும் அப்படித்தான் “ம்” கொட்டுவான்.

சட்டைப்பையில் போன் நடுங்கியது. கடையாக இருக்கும், அல்லது ஏதாவது புதிதாக வந்திருப்பதாகச் செய்தியாக இருக்கும். அது நடுங்கி நடுங்கித் தானே ஓய்ந்தது.

வேன் சாவியைப் புது மேசைமேல், ஆறிப்போன கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். முக்காலிமேல் விரித்திருந்த விளக்கத் தாளை எடுத்து நாலாக மடித்துக் கீழே போட்டான். முக்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்து, அக்காவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. எதையும் பிரிக்காமல், எதையும் மாட்டாமல் அந்த அறையில் அவன் இருந்ததே இல்லை. முன் அறையில் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவதும், பெட்டிகள் முனகுவதும் கேட்டன.

அத்தான் வந்து எட்டிப் பார்த்தார். நடுவழியில் நின்ற மேசையைக் கையால் அசைத்தார். ஒரு சக்கரம் லொடலொடவென்று ஆடியது.

“இதை ஓரமா தள்ளிடவா? வர்றவங்க பக்கத்துல வந்து பாக்கணும். மாட்டி முடிச்சாச்சுல்ல?”

“இல்ல அத்தான்” என்றான் தம்பி. “இன்னும் ஒரு ஸ்க்ரூ கிடைக்கல.”

அத்தான் மேசையை மெல்லச் சுவரோரம் தள்ளினார்.

தம்பி முழங்காலின்மேல் வைத்திருந்த கையை இறுக மூடிக்கொண்டு, அக்காவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.