புளி போட்டுத் துலக்கிய இரும்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. சீர்காழிப் பக்கம் ஆசிரியையாக இருக்கும் பிரகதீஸ்வரி என் தலையில் கட்டியது.

அவள் அப்பா பஞ்சநதத்துக்கு எண்பத்து நாலு வயது. அவர் பிறக்கும் முன்பே அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனார். ஜப்பான்காரர்கள் மலேயாவைப் பிடித்த அந்த யுத்தம் முடிந்ததும், அவரோடு போயிருந்த நாகூர் ஹஸ்ஸான் ஓர் இரும்பு வட்டைக் கொண்டுவந்து, "வீட்ல குடுக்கச் சொன்னாரும்மா" என்று நீட்டினார். ஆள் வரவில்லை.

உள்ளங்கை அகலம், நடுவில் துளை, ஓரத்தில் செதுக்கிய நெற்கதிர். அதனால் அதை லட்சுமி என்று விளக்கு மாடத்தில் வைத்துவிட்டார்கள். (நெல்லைக் கண்டால் நம்மவர்களுக்கு வேறென்ன தோன்றும்?) ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே கோக்கிற காப்பு அது என்று போன வருஷம்தான் தெரிந்தது.

2

‘பனி கொட்டிய அந்தக் காலையில் ஜப்பானியக் கொல்லன் உலையை…’

வேண்டாம். பனி கொட்டி நான் பார்த்ததில்லை.

பஞ்சநதத்தின் ஏக்கத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. "செஞ்சவன் பேரு தெரிஞ்சா பட்டறை தெரியும். பட்டறை தெரிஞ்சா வாள் யாருதுன்னு தெரியும். அவன் எந்த முகாம்ல இருந்தான்னு தெரிஞ்சா, எங்கப்பா எங்க கிடக்காருன்னு தெரிஞ்சுடும்ல?"

தெரியாது. அதை அவரிடம் யார் சொல்வது?

3

பிரகதீஸ்வரி அனுப்பிய படங்களைப் பார்த்த ஒசாகா நிபுணர் எழுதினார்: சோஷூ என்ற மரபாக இருக்கலாம், அதில் நூற்றுக்கணக்கான கொல்லர்கள். செய்தவர் பெயர் துளைக்கு இடப்பக்கம் இருந்திருக்கிறது. இப்போது இரண்டு கீறல்தான் மிச்சம். யாரோ புளிப்பான எதையோ போட்டுப் பல காலம் தேய்த்திருக்கிறார்கள்.

யாரோ அல்ல, பஞ்சநதத்தின் அம்மா பிரகதாம்பாள். புருஷன் கொடுத்தனுப்பியதில் துரு ஏறக்கூடாதென்று வெள்ளிதோறும் புளியும் செங்கல் பொடியும், நாற்பது வருஷம்.*

நிபுணரின் அந்தக் கடைசி வரியை அப்பாவிடம் சொல்லாமல் பிரகதீஸ்வரி விழுங்கிவிட்டாள். "தானா தேஞ்சுபோச்சாம்ப்பா."

அவர் வட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்: "புளி போட்டா இரும்புல எழுத்து போகுமா பாப்பா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

* நாற்பது என் ஊகம். ‘சாகற வரைக்கும்’ என்றுதான் பிரகதீஸ்வரி சொன்னாள்.

4

"எழுதறவங்கதானே சார், ஒரு பேரைப் போட்டு முடிச்சிடுங்களேன்" என்றாள் பிரகதீஸ்வரி. போட்டேன். [அழித்தேன்.] இந்த வட்டுகளில் பொய்க் கையெழுத்து ஏராளமாம், காசுக்காக வெட்டியவை. என்னுடையது பாசத்துக்காக வெட்டியது. பொய் பொய்தான்.

மாற்று முடிவு: அவருக்கு எல்லாம் தெரியும், அம்மாவை மன்னித்து…

மன்னிக்க அங்கே என்ன இருக்கிறது? அந்த அம்மாவும் அதே மனுஷனைத்தானே தேடினாள்.

5

கதை அச்சில் வரப்போகிறது என்று அவரிடம் சொல்லியாயிற்று. கண்ணில் புரை, தானாக வாசிக்க முடியாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பத்திரிகையை நீட்டப்போகிறார்: "கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

அந்தப் பக்கம் போனால் உங்களிடமும் நீட்டுவார். இரண்டாம் பகுதியின் கடைசி வரியை மட்டும் விழுங்கிவிட்டு, அதுவரை தாராளமாகப் படியுங்கள். மூன்றைத் தொடங்கும்போது அவர் வட்டை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். விரல் துளைக்கு இடப்பக்கம் போகும்.

படிப்பதா, தாண்டுவதா? எனக்குத் தெரியவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.