கேக்குக்கு ஆகாத பழம்

டமார்!

பின்கதவு அதிர்ந்ததில் அலமாரியிலிருந்த கேக் தட்டுகளெல்லாம் கலகலத்தன. தங்கை ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். பழக்காரரின் வண்டி அதற்குள் சந்து முனையைத் திரும்பிவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு பன்னிரண்டு பெட்டி ஸ்ட்ராபெர்ரி. அவசரத்தில் இறக்கிய ஒரு பெட்டி கதவில் மோதிக் கவிழ்ந்து, படியெல்லாம் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

"வந்துடுச்சா கல்யாணப் பழம்?" உள்ளேயிருந்து அண்ணி கேட்டாள். "கல்யாணம் ஓடிப்போச்சு, பழம் மட்டும் வீடு தேடி வந்துடுச்சு பாரு. மாப்பிள்ளையைவிட அதுக்கு விசுவாசம் ஜாஸ்தி."

தங்கை குனிந்து பழங்களைப் பொறுக்கினாள்.

நாளைக்கு அவளுக்குக் கல்யாணம். நேற்று மத்தியானம் வரைக்கும் அப்படித்தான். மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் அவர் கை பட்டாக வேண்டும். அதிகம் பேசமாட்டார். இவர்களுடைய பேக்கரிக் கடைக்கு வந்து ஒரு பன் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார். அந்த அரை மணி நேரத்தில் வளர்ந்த கல்யாணம் அது. நேற்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு யாரோ ஒரு புண்ணியவான் செய்தி அனுப்பிவிட்டான், தெரியாத நம்பரிலிருந்து. பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது, கடை அடுப்படியில் விழுந்ததை மறைத்துவிட்டார்கள் என்று. அவ்வளவுதான், அந்த அம்மாள் கொதித்துப்போய்க் கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

வலிப்புமில்லை, ஒன்றுமில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு கோடையில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரொட்டி அடுப்பின் முன்னால் நின்று மயங்கி விழுந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, "வேளாவேளைக்குச் சாப்பிடும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு இந்த அடுப்படியில் இருந்தது மூன்றே பேர். அவள், அண்ணன், அண்ணி.

அப்படியானால் சொன்னது யார்? இதற்கென்ன, பெரிய ஆராய்ச்சியா பண்ண வேண்டும்! நாக்கில் நரம்பே இல்லாத ஆள் இந்த வீட்டில் ஒருத்திதான். தங்கைக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை.

ஆனால் இன்னும் எல்லாம் முடிந்துபோய்விடவில்லை. இன்று காலையில் லிஃப்ட்காரர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். 'சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டபக்காரரிடம் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குள் உன் அண்ணன் நேரில் வந்து, அது பொய் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா அவர் பேச்சை நம்புவாள்.'

அண்ணன் பேச்சை நம்பாதவர் யார்? வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே அண்ணன்தான். அவன் ரொட்டி சுடுவான், கேக் சுடுவான். அதன்மேல் க்ரீம் பூவெல்லாம் அவள் கைவேலை. கடைக்கு வருகிறவர்கள் அவளை 'க்ரீம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம்கூட ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து வந்தவர்கள் அவள் போட்ட ரோஜாவைப் பார்த்து மயங்கி, வருஷம் முழுக்கக் கேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். "நான் போயிட்டா பூ யாருண்ணா போடுவாங்க?" என்று அவள் கேட்டதற்கு, அண்ணன் அவள் தலையைத் தடவி, "அதை நான் பாத்துக்கறேன் பாப்பா" என்று சிரித்தான்.

இப்போதும் அந்தச் சிரிப்போடுதான் அடுப்படிக்குள் வந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான்.

"கெளம்பிட்டேன் பாப்பா. இந்தா, இப்ப போய்ப் பேசி முடிச்சுட்டு..." என்றவன் பெட்டிகளைப் பார்த்து நின்றான். "அடடா, இவ்வளவு பழமா! இதை ஒரு வழி பண்ணணுமே."

"அது கெடக்கட்டும்ணா. நீ போயிட்டு வா."

"எப்படிம்மா கெடக்கும்? சாயங்காலத்துக்குள்ள புளிச்சுப் போயிடும். என்ன செய்யறதுன்னு ஒரு முடிவு பண்ணிட்டா, நான் நிம்மதியாப் போவேன்."

"கேக்தான் செய்யணும். நாளைக்கு வேணுமில்ல?" என்றாள் தங்கை. சொல்லும்போதே அவள் காது சூடாகிவிட்டது.

அண்ணி கைகொட்டிச் சிரித்தாள். "கேளுங்க, மகாராணிக்கு இன்னும் ஆசை விடல. மேல தூக்கிட்டுப் போறேன்னு சொன்ன லிஃப்ட்காரன் நடுவழியில நிறுத்திட்டுப் போயிட்டான். உள்ள நின்னுக்கிட்டு மணி அடிச்சுக்கிட்டே இரு."

"நீ சும்மா இரு," என்று அண்ணன் அவளை அதட்டினான். பிறகு ஒரு பழத்தை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தான். மெதுவாக, குருவிக்குஞ்சை வைப்பதுபோல. "நீயே பாரு. இது கேக் மேல நிக்குமா?"

நிற்காது. அவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேக்கின் மேல் வைக்கும் பழம் முக்கால்வாசிதான் பழுத்திருக்க வேண்டும். காம்போரம் வெள்ளை தெரிய வேண்டும், கடித்தால் கறுக்கென்று சத்தம் வர வேண்டும். இதுவோ அடிமுதல் நுனிவரை கறுஞ்சிவப்பு. விரல் பட்டாலே சாறு விட்டது. வெள்ளைக் க்ரீமின்மேல் இதை வைத்தால் கல்யாண கேக்கா இருக்கும்? வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல் இருக்கும்.

"இப்படியா அனுப்புவான்? கெட்டியான பழம்தானே சொல்லியிருந்தோம்!" என்றாள் அண்ணி. "போனைப் போட்டு நாலு வாங்கு வாங்கு அவனை. வேற பெட்டி அனுப்பச் சொல்லு."

"வேணாம், விடு," என்றான் அண்ணன் சட்டென்று. "பாவம், நல்ல மனுஷன். வெயில்ல வந்த பழம், வழியில கனிஞ்சிருக்கும். அவனைப் போய்த் திட்டறதா?"

அண்ணன் மனசு யாருக்கு வரும் என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

"அப்போ ஜூஸ் போட்டு ஃப்ரிட்ஜுல வச்சிடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"அவ்வளவு ஜூஸை யாரு குடிப்பா?"

"அரைச்சு ஐஸ்க்ரீம்?"

"மெஷின் ரிப்பேர் ஆயிடுச்சே, மறந்துட்டியா?"

"அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்துடலாம்ணா. ஒரு பெட்டி ஒரு வீட்டுக்கு."

"கொடேன்," என்றாள் அண்ணி. "கூடவே 'என் கல்யாணம் நின்னுபோச்சு, எல்லாரும் சாப்பிடுங்க'ன்னு மைக் வச்சுச் சொல்லிட்டு வா."

அண்ணன் ஒவ்வொரு யோசனையையும் தலையாட்டிக் கேட்டான். ஒவ்வொன்றிலும் ஒரு குறையைக் கண்டான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

"ஜாம்தான். வேற வழியே இல்ல. நறுக்கிச் சர்க்கரையில ஊறப்போட்டு, சின்னத் தீயில வச்சுக் கிண்டணும்."

"அதுக்கு ரொம்ப நேரம் ஆகுமேண்ணா!"

"நீ வேகமா நறுக்கிக் கொடு. ஊறப்போட்டுட்டு ஒரே ஓட்டமா ஓடறேன்."

தங்கை உட்கார்ந்தாள். க்ரீம் பூ பிழியும் தகரக் குழலையே பழத்தின் தலையில் குத்தித் திருகினாள். காம்பு தனியாகக் கழன்று வந்தது. ஊரில் யாராலும் அவ்வளவு வேகமாகச் செய்துவிட முடியாது. குத்து, திருகு, போடு. குத்து, திருகு, போடு. அண்ணன் கிளம்ப வேண்டுமே! விரலிடுக்கெல்லாம் சிவந்து, நகக்கண் எரிந்தது. அண்ணி எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலாட்டிக்கொண்டு நல்ல பழமாகப் பார்த்துத் தின்றாள்.

"கையைப் பாரு, மருதாணி வச்ச மாதிரியே இருக்கு. செலவில்லாம கல்யாணக் கை வந்துடுச்சு."

மூன்று மணிக்குக் கடைசிப் பழமும் அண்டாவில் விழுந்தது. அண்ணன் சர்க்கரை டின்னைக் கவிழ்த்தான். பாதிதான் இருந்தது.

"பத்தாது போலிருக்கே," என்று சுற்றிலும் பார்த்தான். அலமாரியின் மேல்தட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. தங்கை ஒரு மாதமாக வேலை முடித்துவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இதழாகச் செய்து வைத்த சர்க்கரைப் பூக்கள். அவளுடைய கல்யாண கேக்குக்கு. நடுவில் ஒரு சர்க்கரைப் பெண், ஒரு சர்க்கரை மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் கையில் குண்டூசி அளவுக்கு ஒரு ஸ்பானர்கூட இருந்தது.

அண்ணன் பெட்டியை எடுத்தான்.

"அண்ணா, அது..."

"சர்க்கரைதானே பாப்பா. கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா உனக்குத்தான் கஷ்டம்." அவன் குரல் கனிந்திருந்தது. பெட்டியைக் கவிழ்த்தான். பூக்கள் பழத்தின்மேல் பொலபொலவென்று விழுந்தன. வெள்ளை ஒரு நிமிஷம் தாக்குப் பிடித்தது. பிறகு ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கியது.

காலாட்டுவதை அண்ணி நிறுத்திவிட்டாள். "அதை எதுக்குங்க போட்டீங்க?" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

"நேரமாச்சு, நீ போண்ணா," என்றாள் தங்கை.

"இதோ." அண்ணன் அடுப்பைப் பற்றவைத்தான். "ஆனா பாரு, சர்க்கரை குறைஞ்சதால ஊற வைக்க முடியாது. உடனே ஏத்தியாகணும். ஏத்திட்டா கைவிட முடியாது, அடி பிடிச்சிடும்."

"நான் கிண்டறேன்."

"நீயா? அடுப்புப் பக்கமா?" அவன் அவள் கன்னத்தைத் தொட்டான். "வேணாம் பாப்பா. பழையபடி உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

தங்கை அடுப்பிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். பாசத்தில்தான் சொல்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணியைக் கிண்டச் சொல்லலாம் என்று திரும்பினாள். அண்ணன் முந்திக்கொண்டான். "அவ கிண்டினா கரிதான் மிஞ்சும்." சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். துடுப்பைக் கையில் எடுத்தான்.

அண்டா கொதித்தது. நுரை பொங்கியது, அண்ணன் வழித்துப் போட்டான். நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிச் சொல்லியே கிண்டினான். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பான். ஓடுகிறதே என்று உச்சுக்கொட்டுவான், மறுபடி கிண்டுவான். தங்கை கடிகாரத்தையும் துடுப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தாள்.

ஆறு அடித்துச் சற்று நேரத்தில் அவள் போன் முனகியது. லிஃப்ட்காரர்தான். 'மண்டபம் வேண்டாமென்று அம்மா சொல்லிவிட்டாள். உன் அண்ணன் வருவார் என்று கடைசி வரை வாசலிலேயே நின்றேன். மன்னித்துவிடு.'

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். நேராக அண்ணியின் எதிரே போய் நின்றாள்.

"சந்தோஷமா? நீங்கதானே சொன்னீங்க? என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

"நானா?" அண்ணி ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "பைத்தியமாடி உனக்கு? நீ எப்போ தொலைவேன்னு நாளை எண்ணிக்கிட்டிருந்தவ நான். உன் ரூமுக்கு என்ன கலர் அடிக்கறதுன்னு பெயிண்டரை வரச்சொல்லியாச்சு, போய் அவனையே கேளு. உன்னை எனக்குப் பிடிக்காது, அது ஊருக்கே தெரியும். பிடிக்காதவளை யாராவது வீட்டோட கட்டி வச்சுக்குவாங்களா?"

முதல் தடவையாக அண்ணி சொன்னது தங்கையின் மூளைக்குள் போனது. பொய் மாதிரி இல்லை. அப்படியானால்...

"யாரோ ஒருத்தன். விடும்மா," என்றான் அண்ணன், திரும்பாமலே. "உனக்கு நான் இருக்கேன், இந்தக் கடை இருக்கு. திங்கட்கிழமை ஹோட்டல் ஆர்டர் இருக்கு. வேலையில மனசைப் போடு."

யாரையாவது திட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு. பழம் மட்டும் கெட்டியாக வந்திருந்தால் க்ரீம் பூசிக் கேக்கை முடித்திருக்கலாம், ஜாம் கிண்டியிருக்க வேண்டாம், அண்ணனும் மூன்று மணிக்கே போயிருப்பான். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பழக்காரனால் வந்தது! போனை எடுத்தாள். கையெல்லாம் பிசுபிசுப்பு. காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரைத் தட்டி மேஜைமேல் போட்டாள்.

"யாருக்குப் பாப்பா?" என்றான் அண்ணன். துடுப்பு நின்றது. "அவனுக்கா? இப்ப எதுக்கு? வையி, வையின்னு சொல்றேன்ல!"

அவன் ஓடிவருவதற்குள் மறுமுனை எடுத்துவிட்டது.

"என்னங்க பழம் அனுப்பினீங்க?" என்று அவள் கத்தினாள். "கல்யாண கேக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இப்படிக் கூழாப் போனதை அனுப்பி என் தலையில கல்லைப் போட்டுட்டீங்களே!"

பின்னால் அடுப்பில் ஜாம் அடிபிடிக்கும் வாடை வந்தது.

"என்னை ஏம்மா கோவிச்சுக்கறீங்க? 'என் தங்கச்சி கல்யாணம் நின்னுபோச்சு, கேக்குக்கு வேணாம், ஜாமுக்கு நல்லாக் கனிஞ்சதா அனுப்பு'ன்னு உங்க அண்ணன் போன வாரமே ஆர்டரை மாத்திட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?"