யாழ்ப்பாணக் கப்பலின் கடற்பக்கம்

என் தம்பி ஞானசேகரத்துக்கு நான் கலியாணம் பேசத் தொடங்கியபோது அவனுக்கு முப்பத்துமூன்று வயது. முப்பத்தொன்பது ஆகியும் பேசிக்கொண்டே இருந்தேன். குடி இல்லை, வெற்றிலை இல்லை, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞர் வேலை, தலைமயிர்கூடக் கொட்டவில்லை. பெண் வீட்டார் ஆசையாகத்தான் வருவார்கள். வந்தால் இருக்க இடம் இருக்காது. கதிரையில் கப்பல். மேசையில் கப்பல். அலுமாரிக்கு மேலே இரண்டு கப்பல். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போவார்கள். யார் சொல்லி அனுப்பினார்கள்?

விளையாட்டுக் கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்தவர்களோடு அவன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எங்கள் துறைமுகத்துக்கு வந்து போகிற கப்பல்களை அறுபதில் ஒரு பங்கு அளவில், ஓர் ஆணி பிசகாமல் செய்வான். வேலை விட்டு வந்ததும் சாரத்தைக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்திவிடுவான். தேயிலைப் பெட்டிப் பலகைதான் கப்பலின் உடம்பு. கைபிடிக் கம்பி முழுக்க என் கொண்டையூசி. கொடிக்கம்பத்துக்காக என் குடையைப் பிய்த்தான்; என்னுடைய அவர் கட்டாரில் இருந்து அனுப்பிய குடை, அவருக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை வீடு சோதனைக்கு வந்த சிப்பாய் ஒருவன் ஒரு கப்பலைத் தூக்கிப் பார்த்து, தன் பிள்ளைக்கு வேண்டும், என்ன விலை என்று கேட்டான். நான் பயத்தில் உறைந்து நிற்கிறேன், இவனுக்கோ கோபம். பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்று நினைத்துவிட்டானாம். அன்று முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தான்.

தொண்ணூற்றெட்டில் அவன் செய்துகொண்டிருந்தது யாழ்ப்பாணக் கப்பல். சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. யாழ்ப்பாணம் போகிற சனம் திருகோணமலைக்கு வந்து, பெயர் பதிந்துவிட்டு, தெரிந்தவர்கள் வீட்டிலும் கோயில் மடத்திலும் காத்துக் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் போய் இறங்கும். எங்கள் வீடு உவர்மலையில். குசினிப் படியில் நின்றால் கப்பல் கட்டுகிற துறை தூரத்தில் தெரியும். விடியுமுன் வந்து கட்டிவிடும், இருட்டிய பிறகு போய்விடும். கிட்டப் போக ஏலாது. படம் எடுத்தால், எடுத்தவனையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படியிருந்தும் அளந்தான். கப்பலோடு ஒட்டி எப்போதும் வெங்காய வியாபாரி அலியாரின் லொறி நிற்கும். இவன் சந்தையில் அந்த லொறியைப் பிடித்து நீளம் உயரம் எல்லாம் அளந்துவிட்டு வந்து, குசினிப் படியில் நின்று, கப்பல் எத்தனை லொறி நீளம் என்று கணக்குப் பார்த்தான். அலியார் இவன் லொறியை வாங்கப் போகிறான் என்று நினைத்து, பிறேக்கும் புதிசு தம்பி, பின் டயர் ரெண்டும் புதிசு என்று ஒரு மாதம் பின்னால் திரிந்தார்.

அந்த நேரத்தில்தான் பூரணியின் சம்பந்தம் வந்தது. பாக்கியரத்தினம் மாமியின் தங்கை மகள், தாய் தகப்பன் இல்லை, மாமிதான் வளர்த்தவ. முப்பத்துநான்கு வயது, யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர். விடுமுறைக்கு வந்தவ, திரும்பிப் போகக் கப்பல் கிடைக்கும்வரை மாமியோடு நின்றா. பெண் பார்க்க நாங்கள் போவதுதான் முறை. மாமி கேட்கவில்லை.

"முதல்ல நாங்கள் மாப்பிள்ளையின்ர வீட்டைப் பாக்கவேணும், கமலாதேவி. ஊருக்குள்ள ஒரு கதை அடிபடுது."

என்ன கதை என்று நான் கேட்கவில்லை. தெரிந்த கதைதானே.

வந்த அன்று இரண்டு கதிரையை மட்டும் எப்படியோ காலியாக்கி வைத்திருந்தேன். பூரணி இருக்கவே இல்லை. நேரே மேசையடிக்குப் போனா.

"இது எங்கட கப்பலெல்லோ," என்றா.

தம்பி எழும்பி நின்றான். அவன் பெண்பிள்ளைகளுக்கு முன்னால் எழும்பியதை அன்றுதான் கண்டேன். பூரணி கப்பலைச் சுற்றிப் பார்த்தா. சுவர்ப் பக்கம் போய்க் குனிந்தா. புருவம் சுருங்கியது.

"இந்தப் பக்கம் பிழை."

"என்ன பிழை?" என்றான் தம்பி.

"முழுக்கப் பிழை. இதில இவ்வளவு யன்னல் இல்லை. பின்னுக்கு வெளியால ஒரு ஏணிப்படி இருக்கு, இஞ்ச காணேல்லை. குசினிப் புகைக்குழாய் எங்க? அந்தக் குழாய்க்குக் கீழதானே நான் ஒவ்வொருக்காவும் சத்தி எடுத்துக்கொண்டு படுத்துக் கிடந்து போறனான்."

மாமி அவவின் முழங்கையில் கிள்ளினா. பெண் பார்க்கிற இடத்தில் வாந்திக் கதையா?

"நான் ரெண்டு வருசமாப் பாத்துப் பாத்துச் செய்தனான்," என்றான் இவன்.

"எந்தப் பக்கத்தைப் பாத்தனீங்கள்?"

இவன் குசினிப் படிப் பக்கம் கையைக் காட்டினான்.

"இஞ்ச கப்பல் எப்பவும் ஒரு பக்கத்தைத்தான் கரைக்குக் காட்டிக் கட்டுறது. மற்றப் பக்கம் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கும். காங்கேசன்துறையில எல்லே அது கரைப்பக்கம் வரும். அது அங்கத்தைச் சனத்துக்குத்தான் தெரியும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மகாகெட்டிக்காரன் குசினிப் படியில் நின்று கண்ட பக்கத்தைச் செய்துவிட்டு, காணாத பக்கத்துக்கும் அதையே திருப்பிப் போட்டிருக்கிறான். ஆணி பிசகாதவனாம்.

சரி, இந்தச் சம்பந்தமும் போச்சுது என்று நினைத்துப் பலகாரத் தட்டை எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பூரணி கைப்பையில் இருந்து தையல் அளவுநாடாவை எடுத்து, கப்பலை நீளத்துக்கும் உயரத்துக்கும் அளந்துகொண்டு நிற்கிறா. சட்டை தைக்கப் போகிறவ மாதிரி. தம்பி நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அறுபதில ஒண்டோ?" என்று கேட்டா.

பாருங்கள், ஆறு வருடமாக எத்தனை பேர் இந்த வீட்டுக்கு வந்தார்கள், ஒருவராவது அதைக் கேட்டார்களா? அவன் "ஓம்" என்றான். தாலி கட்டச் சம்மதிக்கிற ஓம் அது. நான் தமக்கை, எனக்குத் தெரியாதா?

அதோடு நிறுத்தியிருக்கலாம். மூதேவி, நிறுத்தவில்லை.

"மற்றப் பக்கத்தை எனக்கு ஒருக்காக் கீறி அனுப்புவீங்களோ?"

அவன் காலை என் காலால் மிதித்தேன். மாமியின் முகம் வெளிறிவிட்டது. கப்பல் படம் கீறிய கடதாசியோடு ஒரு பெண்பிள்ளை செக்பொயின்றில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று இந்த விசரனுக்கு யோசனை வேண்டாமா?

"கீற ஏலாது," என்றா பூரணி, நாடாவைச் சுருட்டிக்கொண்டு. "பாப்பம்."

கேற்றடியில் மாமி என்னைத் தனியே பிடித்தா. "பொறு பிள்ளை, அவதான் முடிவு சொல்லவேணும். அங்க ஒரு வங்கிக்காரத் தம்பியும் கேட்டுக்கொண்டு நிக்கிறார். அவற்ற வீட்டில இருக்கக் கதிரை இருக்காம்."

இரவு தம்பி சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தால், கப்பலின் கடற்பக்கத்தில் ஒட்டிய யன்னல், கம்பி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மொட்டைப் பலகையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்.

"பிழை பிடிச்சுப்போட்டா, அக்கா."

"போனால் போகட்டும். வேற இடம் பாப்பம்."

"வேற பாக்க வேண்டாம்," என்றான். "இவதான்."

எனக்கு அந்த இடத்திலேயே துள்ள வேண்டும்போல இருந்தது. துள்ளினால் கப்பல் விழும். பேசாமல் வந்து சோற்றை மூடி வைத்தேன்.

பூரணி அடுத்த கப்பலில் போய்விட்டா. சுருக்கமாகச் சொன்னால், கப்பலுக்கு ஒரு பக்கமும் என் தம்பிக்கு ஒரு பெண்சாதியும் அவவின் கையில்தான் இருந்தன. அதற்குப் பிறகு இவனுக்குப் பைத்தியம் முற்றியது. சட்டையை மறுபக்கமாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். குளத்து வரைபடம் ஒன்றில் வாய்க்காலின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பூரணி என்று வடிவான எழுத்தில் எழுதி மேலதிகாரிக்குக் கொடுத்துவிட்டான். அந்த மனிசன் அப்படி ஒரு வாய்க்கால் எந்தக் குளத்தில் என்று கோப்புகளைத் தேடினாராம். கப்பல் வருகிற நாட்களில் விடியமுன்னம் குசினிப் படியில் போய் நிற்பான். நானும் நிற்பேன். என்ன செய்வது, எனக்கும் தொற்றிவிட்டது. மாமியிடம் போய்ப் போய்க் கேட்டு என் செருப்புத்தான் தேய்ந்தது.

"ஒரு சொல்லும் வரேல்லை, பிள்ளை. வங்கித் தம்பியின்ர ஆக்கள் அவ இருக்கிற இடத்துக்குப் போய்ப் பாத்திட்டு வந்தவையாம்."

அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. அம்மனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்தேன். வங்கிக்காரனுக்குத் தலைமயிர் கொட்ட வேண்டும் என்றும் ஒரு சொல் சொல்லி வைத்தேன். அம்மன் கோபிக்கமாட்டா.

கார்த்திகை மழை தொடங்கிய கிழமை தவராசா மாஸ்டர் கப்பலால் இறங்கி, நனைந்தபடி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பூரணியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். கையில் ஒரு மாக்கடதாசிப் பார்சல்.

"பூரணி ரீச்சர் தந்துவிட்டவ. காங்கேசன்துறையில பையெல்லாம் கொட்டிப் பாத்தவங்கள். இதையும் விரிச்சுப் பாத்து, நல்ல வடிவு எண்டு ஒருத்தன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினவன். பிறகு அவனே மடிச்சும் தந்தவன்."

பிரித்தேன். ஒரு தலையணை உறை. வெள்ளைத் துணி, நீல நூல். கடிதம் ஏதும் உண்டா என்று உதறிப் பார்த்தேன், இல்லை. அதற்குள் தம்பி அதைப் பறித்துக்கொண்டு மேசைக்கு ஓடிவிட்டான். துணியில் கப்பல். கடற்பக்கம். பெருக்கல் அடையாளம் மாதிரிப் புள்ளடி புள்ளடியாகத் தைத்த தையலில் ஏணிப்படி, குசினிப் புகைக்குழாய், மூன்றே மூன்று யன்னல். குழாய்க்குக் கீழே ஒரு சின்னப் பெண் சுருண்டு படுத்திருந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவன் கப்பலைப் பக்கத்தில் இழுத்து வைத்து, அடிமட்டத்தால் துணியை அளந்தான்.

"அக்கா, சரி. எல்லாம் சரி. அறுபதில ஒண்டு. ஒரு தையல்கூடப் பிசகேல்லை." பிறகு முகம் கறுத்தது. "ஐயோ, பாதியில விட்டிட்டா."

உண்மைதான். பின்பக்கத்தில் தொடங்கிய கப்பல் துணியின் மற்ற விளிம்பில் முடிந்துபோய் இருந்தது. ஓர் உயிர்காப்புப் படகு நட்டநடுவில் அறுந்து பாதியாக நின்றது. கப்பலின் முன்பக்கம், அந்த அணியத்தைக் காணவில்லை.

"துணி போதாமப் போட்டுது போல," என்றான். "இன்னும் ஒரு முழம் எடுத்திருக்கலாம். இனி அணியத்துக்கு நான் என்ன செய்யிறது? ஆரிட்டக் கேக்கிறது?"

நான் சிரிக்கத் தொடங்கினேன். ஒருதரம் தொடங்கினால் எனக்கு நிற்காது. தவராசா மாஸ்டர் தேத்தண்ணீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எட மடையா, தலையணை உறையை ஆரும் ஒண்டு தைப்பினமோ? சோடியாத்தானே தைக்கிறது."

"அப்ப மற்றது எங்க?"

"அவவிட்ட."

"ஏன் சேத்து அனுப்பேல்லை?"

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மழையைப் பார்த்தார். தம்பி உறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் உறையைப் பார்த்தான். காதிலிருந்து கழுத்துவரை சிவந்துகொண்டு வந்தது. பிறகு உறையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

கட்டிலில் இரண்டு தலையணையைப் பக்கம் பக்கமாகப் போட்டு, ஒன்றுக்கு அந்த உறையை மாட்டியிருந்தான். மற்றது பழைய வெள்ளை உறையோடு கிடந்தது. கால்மாட்டில் நின்று தலையைச் சரித்துப் பார்த்தான். கப்பல் தலையணையை இடப்பக்கம் வைத்தான். யோசித்தான். தூக்கி வலப்பக்கம் வைத்தான்.

"கடற்பக்கத்தால பாத்தா அணியம் இடப்பக்கம்தான் வரவேணும்," என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.

"வரட்டும்," என்றேன்.

அவன் வெறும் தலையணையைக் கையால் தட்டி நேராக்கினான்.

"அப்ப அவ யன்னல் பக்கம், அக்கா."

நான் மழையில் குடையும் இல்லாமல் பாக்கியரத்தினம் மாமி வீட்டுக்கு ஓடினேன்.