பதினான்கு படிகளும் ஒரு ரப்பர் பட்டையும்

முட்டித் தேய்மானம் எனக்கும் உண்டு, என் ஓரகத்திக்கும் உண்டு. ஆனால் ஆராய்ச்சிக்காகக் குலுக்கிப் போட்ட சீட்டில் அவளுக்கு உடற்பயிற்சி விழுந்தது. எனக்குச் சும்மா இருப்பது விழுந்தது.

"பயிற்சி செஞ்சா மூட்டு வீக்கம் குறையுதான்னு ரத்தத்துல பாக்கப் போறோம். நீங்க பன்னிரண்டு வாரம் புதுசா எதுவும் செய்யாதீங்கம்மா" என்றார் டாக்டரம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாடியில் என் கட்டில். நடுவில் பதினான்கு படிகள். ஒரு வருடமாகக் கூடத்துச் சோபாவில், ஓரகத்தியின் டிவி இரைச்சலில் கிடக்கிறேன். எனக்கு என் கட்டில் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மகராசியோ சீரியல் பார்த்துக்கொண்டே பயிற்சித் தாளில் டிக் அடித்தாள். கேட்டால், "மனசுக்குள்ள செஞ்சுட்டேன்க்கா" என்பாள்.

நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தாளைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். பயிற்சிக்கென்று கொடுத்து அவள் தூக்கிப் போட்ட ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுத்தேன். முதல் வாரம் உயிர் போனது. எட்டாவது வாரம் நான்கு படி ஏறினேன். பதினோராவது வாரம் மாடிக்கே குடிபோனேன். நான் ஏறியதை அவள் சொல்லக்கூடாது, அவள் டிக் அடித்ததை நான் சொல்லக்கூடாது என்று பேச்சு.

ரத்தம் எடுத்துப் பத்து நாளில் டாக்டரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். மாடியில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"பயிற்சி செஞ்ச உங்களுக்கு வீக்கம் அப்படியே இருக்கு. சும்மா இருந்த அக்காவுக்குப் பாதியா குறைஞ்சிருக்கு. எனக்குத் தலையே சுத்துது."

"அக்கா சோபாவ விட்டு அசையவே இல்ல டாக்டர்" என்றாள் ஓரகத்தி, வாய் கூசாமல்.

நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் டாக்டரம்மா இதை அப்படியே எழுதிவைத்தால், இன்னும் எத்தனை பேரைச் சோபாவில் உட்கார்த்திவைப்பார்களோ. கைப்பிடியைத் தொடாமல் பதினான்கு படியும் இறங்கினேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆராய்ச்சிப் பட்டியலில் எங்கள் இருவர் பெயரையும் அடித்துவிட்டுப் போனார்.

ஓரகத்தி டிவியை அணைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்தப் பட்டை எங்க வெச்சிருக்கீங்க?"

"உனக்கெதுக்கு?"

"நீங்க மேல போனதுலேர்ந்து தனியா சீரியல் பாக்கவே பிடிக்கல" என்றாள், படிகளைப் பார்த்தபடி.

நாற்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டேன்.