குங்குமம் வைத்த பொத்தான்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன அருங்காட்சியகம் அது. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்பவள் வேதநாயகி. துர்க்கை சிலைக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை இருந்தது. தொட்டால் சிலையின் கதையைச் சொல்லும். நம் ஜனங்கள் கதையா கேட்டார்கள்? மலைமேல் கமலக்கண்ணியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்த கையோடு, திரையில் தெரிந்த துர்க்கையின் நெற்றியில் குங்குமத்தை அப்பினார்கள். துடைக்கத் துடைக்க அப்பினார்கள். திரை மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. இனி கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வரும்வரை அறைக்குப் பூட்டுதான்.

செயலாளர் சம்பவநாதன் இன்னும் பெரிய திரை வாங்கக் கிளம்பிவிட்டார்.

"வேணாம் சார்," என்றாள் வேதநாயகி. "ஒரு மரப்பெட்டி, ஸ்பீக்கர், அமுக்குனா பேசுற மாதிரி பெரிய பொத்தான். போதும். கெட்டுப்போனா சாமான் நம்ம கடைத்தெருவுலயே கிடைக்குது. நானே மாட்டிடுவேன்."

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வர்ற கூட்டத்துல வச்சுப் பாப்போம். எவனும் கேக்கலன்னா திரைக்குக் கையெழுத்து போட்டுடுவேன், ஆமா."

வெள்ளிக்கிழமை கூட்டம் வந்தது. பெட்டியைப் பார்த்தது, போனது. ஒரு கை நீளவில்லை.

"அமுக்குங்கம்மா!" என்று கெஞ்சினாள் வேதநாயகி.

"இன்னாம்மா நீ, தொடாதேன்னு எழுதி வச்சிக்கிறீங்களே!" என்று ஓர் அம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வேதநாயகிக்குச் சுருக்கென்றது. குங்குமத்துக்குப் பயந்து சுவரெல்லாம் 'தொடாதீர்கள்' என்று ஒட்டியவள் அவளேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்! எல்லாவற்றையும் கிழித்தாள். அப்போதும் கூட்டம் தயங்கியது. சம்பவநாதன் பேனாவை எடுத்தார். கையெழுத்து விழுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அந்த அம்மாளின் கையிலிருந்த குங்குமப் பொட்டலம் கண்ணில் பட்டது.

"கொஞ்சம் குடும்மா."

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு வைப்பதுபோல், பொத்தானின் நடுவில் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்தாள்.

உடனே அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். குங்குமத்தைத் தொட்டு எடுக்க விரலை அழுத்தினாள். பெட்டி பேசத் தொடங்கியது.

"ஏ மஞ்சு, ஓடியா! அம்மா பேசுது!"

வரிசை வாசல்வரை நீண்டது. ஒவ்வொருவரும் பொத்தானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நின்று முழுக் கதையையும் கேட்டார்கள்.

சம்பவநாதன் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "இப்படி அமுக்குனா பொத்தான் எத்தினி நாளைக்கு வரும்?"

"தேயட்டும் சார்," என்றாள் வேதநாயகி. "வேற வாங்கியே வச்சிருக்கேன்."